துண்டில்லாத சால்னாவும் பௌத்தமும்

என் நாட்குறிப்பில் புரட்டாசி முதல் சனிக்கிழமைக்கு ஒரே வரிதான் இருக்கிறது: "காலை 7.10. அத்தான் பௌத்தர் ஆனார்."

மணியைக் குறித்ததற்குக் காரணம் உண்டு. இந்த மாதம் முழுக்க வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது என்று அக்கா அறிவித்தது சரியாக ஏழு மணிக்கு. பத்து நிமிடத்தில் மதம் மாறிய ஒருவரைப் பற்றி நான் எந்த வரலாற்றிலும் படித்ததில்லை.

"நான் இப்ப பௌத்தம்ட்டி. உங்க புரட்டாசி எனக்குக் கிடையாது" என்றார் அத்தான்.

"புத்தர் கொல்லக் கூடாதுன்னுதானே சொன்னாரு?"

"நானா கொல்லுதேன்? கடைக்காரன்லா கொல்லுதான்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏலே, நீதான் ஊர்ப்பட்ட புஸ்தகம் படிக்கியே. பௌத்தம் மதமா, தத்துவமா? மதம்னா அவுக மாறினது மாறினதுதான், தின்னுட்டுப் போகட்டும். வெறும் தத்துவம்னா விரதம் இருக்கணும்."

தீர்ப்பு வருவதற்குள் கறியைத் தொட்டால் தை வரை வீட்டில் கறியே இல்லை என்று ஒரு நிபந்தனையும் போட்டாள். அத்தான் ஒப்புக்கொண்டார்.

நான் நூலகத்திலிருந்து ஆறு புத்தகங்கள் எடுத்துவந்து, ஒரு வாரத்தில் நான்கு பக்கம் எழுதினேன். இரண்டாம் சனிக்கிழமை காலை, தியானம் செய்ய வேண்டும் என்று அத்தான் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். சீசன் முடிந்தும் அருவியில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. தியானம் நான்கு நிமிடம். பிறகு புரோட்டாக் கடை.

"கறித்துண்டு வேண்டாம். வெறும் சால்னா மட்டும் ஊத்துங்க" என்று சொல்லி ஆறு புரோட்டா சாப்பிட்டார்.

தென்காசி வீட்டுக்குத் திரும்பியதும் என் தீர்ப்பை வாசித்தேன். கடைசி வரி: "இரண்டும் எனலாம்."

"இதுக்கு நாலு பக்கமாலே?" என்றாள் அக்கா. "சாமியே இல்லாம அது எப்படி மதம்?"

அருவியில் குளித்த உற்சாகம் அத்தானுக்கு இன்னும் அடங்கவில்லை. "ஏட்டி, கோழிச் சால்னால துண்டு விழலைன்னா அது கோழிச் சால்னா இல்லைன்னு ஆயிருமா? சாமி இல்லாட்டியும் மதம் மதம்தான்."

ஆறு புத்தகங்களிலும் இவ்வளவு தெளிவான வாதம் இல்லை. குறித்துக்கொண்டேன்.

அக்கா அவருடைய சட்டைப்பையைச் சுட்டிக்காட்டினாள். அங்கே மஞ்சளாக ஓர் எண்ணெய்க் கறை. "அப்ப இது?"

"வெறும் சால்னாட்டி. துண்டு இல்ல." சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"துண்டு இல்லாட்டி அது கறியா, இல்லையா? ஒண்ணு சொல்லுங்க."

கறிதான் என்றால் தை வரை பட்டினி. கறி இல்லை என்றால் மதம் போச்சு. அத்தான் கறையைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, நல்லா யோசிச்சா பௌத்தம் தத்துவம்தான்."

பிற்பகல் 2.25க்கு அவர் மறுபடி விரதக்காரர் ஆனார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

குறிப்பு முழுமையாக இருக்க வேண்டுமே என்று மறுவாரம் நான் மட்டும் அந்தக் கடைக்குப் போய், அன்றைய சால்னாவில் கோழி உண்டா என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

"ஏன் அண்ணாச்சி, ருசியா இல்லையா?" என்றார். வேறு தகவல் கிடைக்கவில்லை.

ஆகவே, அதில் கோழி இருந்ததா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.