டென்மார்க் புத்தகத்துக்கு வைத்த மஞ்சள்

ஆயுத பூஜை வந்தால் என் கணவருக்குக் கை நிற்காது. காக்களூரில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் லேத் மெஷினில் தொடங்கி வாட்ச்மேன் சைக்கிள் வரை சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, மீதியைக் கிண்ணத்தோடு வீட்டுக்கு எடுத்துவந்தார். பிரிட்ஜ், மிக்ஸி, மோட்டார் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மகள் கட்டடக்கலை படித்தவள். மேற்படிப்புக்கு டென்மார்க் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நாங்கள் இருவரும் ‘பாக்கலாம்’ என்று தள்ளிக்கொண்டிருந்தோம். அவளுடைய பழைய பேராசிரியர் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லி, படித்துப் பார் என்று தன் சொந்தப் புத்தகம் ஒன்றையும் கொடுத்திருந்தார். கல்யாண ஆல்பம் அளவு, தோல் அட்டை, இருநூறு வருஷத்துக்கு மேல் பழசு. டென்மார்க்கில் ‘பரோக்’ என்கிற பழைய அலங்காரப் பாணியில் கட்டிய மாளிகைகளையும் தேவாலயங்களையும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்திருந்தார்கள். ஒரு கோபுரத்தின் வெளிப்பக்கமாகப் படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஏறும். கூரையெல்லாம் சிலைகள்.

“நம்ம கோயில் கோபுரத்துல கூட இவ்ளோ பொம்மை இல்ல” என்றார் இவர்.

புத்தகத்தை மகள் பழைய காட்டன் புடவையில் சுற்றி பீரோவில் வைத்து, கை வைக்காதீர்கள் என்று எங்கள் இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தாள்.

அவள் பொரி வாங்கப் போன நேரம். நான் சுண்டல் தாளித்துவிட்டுத் திரும்பினால், பூஜைப் பலகையில் அந்தப் புத்தகம் திறந்து கிடக்கிறது. முதல் பக்கத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். புதுக் கணக்கு நோட்டுக்கு வைப்பார்களே, அப்படி.

“ஏங்க, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“எல்லா புக்கும் பூஜையில கீது, இது மட்டும் பீரோவுல தூங்கினு கீது. பாப்பா காரியம் நல்லபடியா முடிய வேணாமா?”

துடைக்காதீங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஈரத்துணியால் ஓர் இழுப்பு. அச்செழுத்துகளின் மேல் மஞ்சள் ஓடிப் பரவிவிட்டது.

மகள் வந்து பார்த்தாள். பொரிப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். “என் லேப்டாப்ப ஒடச்சிருக்கலாம்பா” என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் மூவருமாக ரயிலேறி, பெரம்பூரில் இருந்த பேராசிரியர் வீட்டுக்குப் போனோம். “அவரு வூட்லயும் பூஜை பண்ணியிருப்பாரு, புரிஞ்சிக்குவாரு” என்று வழியெல்லாம் இவர் உயிரை வாங்கினார்.

பேராசிரியர் திட்டவில்லை. பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களுக்குக் காபி கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை. “லெட்டர் இன்னிக்கே அனுப்பிடறேன்மா. புக் இங்கயே இருக்கட்டும்” என்று மகளிடம் சொல்லி, அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

திரும்பும் வண்டியில் அவள் அழுதாள்.

“லெட்டருதான் தரேன்னுட்டாரே, இன்னாத்துக்கு அழுவுற?”

“இனிமே அந்த புக்க என் கையில தரமாட்டாருப்பா.”

“படத்த வெச்சுக்கினு இன்னா பண்ணப்போற? அங்கதான போவப்போற, நேராவே பாத்துக்கோ.”

‘போவப்போற’ என்று எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவள் அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்தாள். என்ன சொன்னோம் என்றுகூட உறைக்காமல் அவர் வேர்க்கடலைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சம்மதம் கொடுத்துவிட்ட இந்த மனுஷரை அடுத்த ஸ்டேஷனிலேயே இறக்கிவிட்டுவிடலாமா என்றிருந்தது எனக்கு.