பாதி சிகரெட்

அக்கா வீட்டு அலமாரியில், பழைய மருந்துச் சீட்டுகளுக்கு அடியில், ஒரு மேஜிக் சிலேட் இன்னும் கிடக்கிறது. குழந்தைகளுக்கானது. பிளாஸ்டிக் குச்சியால் எழுதலாம், மேலே இருக்கும் தாளைத் தூக்கினால் எழுத்து மறைந்துவிடும். கல்கத்தா கரியாஹாட் நடைபாதையில் பேரம் பேசி அதை வாங்கி வந்தவன் நான். அக்கா கணவர், என் அத்திம்பேருக்குத் தொண்டையில் புற்றுநோய், குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரம் அது. காய்கறிக்காரனிடம்கூட அரை மணி நேரம் அரசியல் பேசுகிற மனிதர், ஐம்பத்து மூன்று வயதில், ஓரத்தில் முயல் படம் போட்ட சிலேட்டில் எழுதிக் காப்பி கேட்கும்படி ஆயிற்று.

டாக்குரியாவில் அவர்கள் வீட்டு மொட்டைமாடி அறையில்தான் நான் குடியிருந்தேன். கல்யாணம் ஆகாதவன், பவானிபூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலம் நானும் அவரும் ரயில் நிலையத்துப் பக்கத்துப் பான் கடையில் சந்திப்போம். கடைத் தூணில் நுனி கனன்றுகொண்டிருக்கும் தேங்காய்நார்க் கயிறு தொங்கும். ஒரே ஒரு சிகரெட் வாங்கி, அதில் பற்றவைத்து, சரியாகப் பாதிவரை இழுத்துவிட்டு என்னிடம் நீட்டுவார். இதற்குக் கல்கத்தாவில் கவுண்டர் என்று பெயர். “பாதிக்கு மேல ஒரு இழுப்பு இழுத்தாலும் அது திருட்டுடா” என்பார். மீதியை விரல் சுடும்வரை உறிஞ்சுவது என் பங்கு. பதினெட்டு வருஷம் இப்படியே நடந்தது. அவர் பாதியோடு நிறுத்துகிறவர், நான் ஒட்ட உறிஞ்சுகிறவன் என்பது அக்காவுக்கும் நன்றாகத் தெரியும். அதைச் சொல்லித்தான் எங்கள் இருவரையும் திட்டுவாள்.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள், அக்கா எங்கள் இருவர் கையையும் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். “ரெண்டு பேரும் விடணும். இவர் எதிர்ல நீ ஊதிண்டு நின்னா இவரால முடியாது. இனிமே ஒண்ணு பிடிச்சேன்னு தெரிஞ்சாலும் நீ வேற வீடு பாத்துக்கோ” என்றாள். சத்தியம் செய்தோம். அவர் காப்பாற்றினார்.

எப்படிக் காப்பாற்றினார் என்பதைச் சொல்ல வேண்டும். கழுத்தில் மூச்சுக்கென்று வைத்த ஓட்டைமேல் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு, விடியற்காலையில் ஏரியை இரண்டு சுற்று நடப்பார். சாயங்காலம் மொட்டைமாடியில் உலாத்தல். பஜ்ஜி, கத்தரிக்காய் பேகுனி எல்லாம் போய், வேகவைத்த பாகற்காயும் பப்பாளியும் வந்தன. சிகரெட் நினைப்பு வந்தால் நாலு சோம்பை வாயில் போட்டுக்கொள்வார். முதல் மாதம் கை நடுங்கியது. ஒருநாள் சிலேட்டில் “பைத்தியம் பிடிக்கிறது” என்று எழுதி, நான் படித்ததும் தாளைத் தூக்கிவிட்டார். ஆனால் தொடவில்லை.

நான் மூன்று வாரம் தாங்கினேன். பிறகு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பற்றவைத்தேன். அந்த ஆபரேஷனோடு அவருக்கு மோப்பமும் ஏறக்குறையப் போய்விட்டது. அக்கா முழங்கால் வலியால் மாடி ஏறுவதில்லை. இரண்டும் எனக்கு வசதியாகப் போயிற்று என்று எழுதவே கூசுகிறது. பாதி வந்ததும், அவர் என்னிடம் நீட்டுகிற இடம் அதுதான் என்று பழக்கதோஷத்தில் என் கை நின்றுவிடும். நீட்ட அவர் பக்கத்தில் இல்லை. மீதியை இழுக்கவும் மனம் வராமல், நசுக்கி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பேன். அவருக்குத் துரோகம் செய்துகொண்டே அவருடைய பாதிக் கணக்கை மட்டும் காப்பாற்றிய லட்சணம் அது.

இரண்டு வருஷம் கழித்து நோய் அவருடைய நுரையீரலில் தலைகாட்டியது. ஸ்கேன் முடிவு வந்த அதே வாரம் தொட்டி ஒழுகுகிறதென்று பிளம்பரைக் கூப்பிட்டிருந்தோம். அவன் டப்பாவோடு கீழே வந்து, “பௌதி, எடா கார்?”, அண்ணி இது யாருடையது, என்று கேட்டு அக்காவிடம் நீட்டினான். உள்ளே எல்லாம் பாதி சிகரெட். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதியில் நிறுத்துகிறவர் வீட்டில் ஒருவர்தானே, அவர்தானே தினமும் மாடியில் உலாத்துகிறவர்.

“இந்த ஓட்டை வழியாவா இழுத்தேள்? என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு, இந்த ஓட்டை வழியாவா?” என்று அலறினாள். அவர் டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரல் இல்லாத அவர்தான் பதில் சொன்னார். சிலேட்டை எடுத்து, “நான்தான்” என்று எழுதி அவளிடம் காட்டினார்.

மறுநாள் காலை ஏரிக்கரை பெஞ்சில் என் பக்கம் சிலேட்டைத் திருப்பினார். “உன்னைத் துரத்திவிடுவாள். உனக்குப் போக இடம் இல்லை. என்னைத் துரத்த மாட்டாள்.” படித்து முடித்தேனா என்று பார்த்துவிட்டுத் தாளைத் தூக்கினார். எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதிதான் வந்தது. அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

அவர் ஏழு மாதம் இருந்தார். அக்கா கஞ்சி கொடுத்தாள், உடம்பு துடைத்தாள், ஓட்டையைச் சுத்தம் செய்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேச முடியாதவர், அவள் பேச மறுத்தவள். கடைசி நாள்களில் அவர் சிலேட்டில் அவள் பெயரை எழுதிக் காட்டுவார், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாசற்படியில் நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவரைத் தகனம் செய்த அன்று சிகரெட்டை விட்டேன். கை நடுங்கவில்லை, சோம்பு தேவைப்படவில்லை. அவ்வளவு சுலபமாக விடக்கூடியதை அன்றைக்கே விட்டிருக்கலாமே என்பதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

போன மாதம் அவருடைய திவசம். சாஸ்திரிகள் போன பிறகு, சாப்பிட வந்திருந்த உறவுக்காரப் பெண்ணிடம் அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள்: “திருட்டுத்தனமா ஊதியே போய்ச் சேர்ந்தார்.” என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. “அக்கா, அந்த டப்பா என்னோடது. அவர் ஒண்ணுகூடத் தொடலை” என்றேன். ஒன்பது வருஷமாகத் தொண்டையில் கிடந்தது ஒருவழியாக வெளியே வந்துவிட்டது.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு அவள் முகம் கனிந்தது. “அசடு. போனவருக்கு நல்ல பேர் வாங்கித் தரப் பார்க்கறியா? அவரே எழுதிக் காட்டினாரேடா, நீயும்தானே பக்கத்துல நின்னே?” என்றாள். அந்தப் பெண்ணிடம் திரும்பி, “இவனுக்கு அவர்மேல அவ்வளவு உசிர்” என்றாள்.

எழுந்துபோய் அலமாரியைத் திறந்து சிலேட்டை எடுத்தேன். முயல் அப்படியே இருந்தது. ஏரிக்கரையில் அவர் எனக்கு எழுதியது மட்டும் அதில் இருந்திருந்தால் போதும், அவள் நம்பியிருப்பாள். தாளை அவரே தூக்கிவிட்டார். அக்கா உள்ளேயிருந்து, இன்னும் கொஞ்சம் பாயசம் விட்டுக்கொள்ள வா என்று என்னைக் கூப்பிட்டாள்.