அத்தையின் எலும்பு கூடிய விதம்

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, என் அத்தை எங்கள் தாராவி வீட்டு இரும்பு ஏணியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு விழுந்தாள். குடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தைக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு எங்களோடு இருந்தாள். பக்கத்துத் தெருத் தோல்பைப் பட்டறையில் தையல் மிஷின் மிதித்தாள். அவள் சிரித்தால் கீழ்வீட்டுக்காரர்கள் என்ன விசேஷம் என்று மேலே எட்டிப் பார்ப்பார்கள். காலுக்கு மாவுக்கட்டுப் போட்ட அன்றே, மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிடுவேன் என்று முதலாளியிடம் சொல்லியனுப்பியிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் முறிவு அப்படியே இருந்தது. டாக்டர் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?” என்று கேட்டார்.

அப்பா சிரித்தேவிட்டார். “அவ பொம்பளப் பிள்ளல்லா, சார்!”

அத்தை சிரிக்கவில்லை. “பீடி இல்ல சார். மிஸ்ரி தேய்ப்பேன். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ.”

வறுத்துக் கருக்கிய புகையிலைத் தூள்தான் மிஸ்ரி. பட்டறைப் பெண்களோடு சேர்ந்து பல்லுக்கென்று தொடங்கியது, பல்லோடு நிற்கவில்லை. எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அப்பாவின் முகம் கறுத்தது. டாக்டர் கோபப்படவில்லை.

“முறிஞ்ச இடத்துக்குள்ள மெல்லிசா புது ரத்தக் குழாய் வளர்ந்து வரணும்மா. அது ரத்தத்தைக் கொண்டுவந்தாத்தான் எலும்பு வளரும். புகையிலை குழாயைச் சுருக்கிடும், புதுசா வளரவும் விடாது. ரெண்டு மாசம் பார்ப்போம். இல்லேன்னா ஆபரேஷன்தான்.”

அன்றே அத்தை தன் மிஸ்ரி டப்பாவைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வரும்படி என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. டீ ஆறிவிட்டதென்று டம்ளரைத் தள்ளிவிட்டாள். நான் சத்தமாகப் பாடம் படித்தேன் என்று முதுகில் ஒன்று வைத்தாள். அதுவரை என்னை அடித்ததே இல்லை. வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு, கட்டுப்போட்ட காலை நீட்டியபடி சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கோ பழைய அத்தை வேண்டும். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கீழ்வீட்டு மராத்தி அக்காவிடம் கெஞ்சி, ஒரு சிட்டிகை மிஸ்ரியைக் காகிதத்தில் மடித்துவந்து அவள் மடியில் வைத்தேன்.

பிரித்தாள். வாசனை எட்டியதும் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. வெளியே குழாயில் தண்ணீர் வந்து, பெண்கள் சண்டை போட்டு, அந்தச் சண்டையும் ஓய்ந்தது. அத்தை அசையவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அவ்வளவு பெரிய சண்டை போட்ட ஒருத்தியை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. கடைசியில் காகிதத்தை மடித்து என் கையில் திணித்தாள்.

“ஏட்டி, இத எடுத்துட்டுப் போயிரு. நான் கூப்பிட்டாலும் திரும்பி வராத.”

நான் ஏணியில் இறங்குவதற்குள் கூப்பிட்டாள். “ஏட்டி, நில்லு!” இன்னொரு தடவையும் கூப்பிட்டாள். நான் நிற்கவில்லை. அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அல்ல. ஆசையாகக் கொண்டுபோனதைத் திருப்பித் தந்துவிட்டாளே என்ற ஆத்திரத்தில், அழுதுகொண்டே ஓடினேன்.

அடுத்த எக்ஸ்ரேயில் முறிவின் இரு கரைகளுக்கும் நடுவே மங்கலாக வெள்ளை படிந்திருந்தது. “வந்துடுத்தும்மா!” என்றார் டாக்டர். அப்பா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா, தான் வைத்துக்கொடுத்த ஆட்டுக்கால் சூப்பின் மகிமையைத் தெருவெல்லாம் சொன்னாள். மாவுக்கட்டுதான் எலும்பை ஒட்டியது என்று நான் பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொன்னேன். அத்தை ஒருவரையும் மறுக்கவில்லை.

கட்டைப் பிரித்த அன்று, மெலிந்து வெளுத்திருந்த அந்தக் காலை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்துவிட்டு, குலுங்கி அழுதாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். வலிக்காத காலுக்கு எதற்கு அழவேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை.