கோட்டில் சுருக்கம் இல்லாத டாக்டர்

இஸ்திரிக்கடைக்காரருக்குப் போர்க்காலத்துப் பழைய படங்கள் என்றால் உயிர். மாதம் ஒரு படம் போடுகிற திரைப்படச் சங்கத்தின் இதழில், கடைசிப் பக்க விமரிசனம் அவருடையது. ஆனால் ஆண்டவன் அவருக்குக் கொடுத்த கண் ஆளைப் பார்க்காது, துணியைத்தான் பார்க்கும்.

இருட்டும் மழையுமாக வந்த குற்றப் படத்துக்கு, "நாயகன் மூன்று காட்சிகளில் நனைகிறான். கால்சட்டை மடிப்பு கலையவில்லை. தேய்த்தவர் கைக்குக் கும்பிடு" என்று எழுதினார். சிரிப்புப் படத்துக்கு, "ஒரு பட்டாளமே சேற்றில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. யார் துவைப்பது?" என்று எழுதினார்.

சங்கத்துச் செயலாளர் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணே, கதையப் பத்தி எழுதுங்க. இந்தத் தடவையும் துணிமணின்னா அந்தப் பக்கத்தைக் குறுக்கெழுத்துக்குக் கொடுத்துடுவேன்."

மனிதர் ஆடிப்போனார். ஐந்தாம் வகுப்போடு நின்றவரின் பெயர் அச்சில் வருகிற ஒரே இடம் அது. அடுத்த படம், ரயிலில் நடக்கும் கொலை. சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

"முகத்தப் பாருங்க. கழுத்துக்குக் கீழ பார்த்தீங்க, தொலைஞ்சீங்க" என்றாள் மனைவி.

பாதிப் படம்வரை முகத்தையே பார்த்தார். திரையில் துப்பறிவாளர் விசாரிக்க, அந்த ரயிலில் வந்த டாக்டர் சொன்னார்: "ராத்திரி பூரா கோட்டோடவே படுத்துத் தூங்கினேன்."

டாக்டர் முதுகைக் காட்டித் திரும்பியதுதான் தாமதம், இவர் எழுந்துவிட்டார்.

"பொய்! படுத்த கோட்டா அது? ஒரு சுருக்கம் இருக்கா பாருங்க! இவன்தான்யா கொன்னவன்!"

"யோவ், உட்காரு!" என்று அரங்கமே கத்தியது. கடைசியில் பிடிபட்டுத் தரையைப் பார்த்து நின்றவர் டாக்டர்தான்; கொன்றவர் அவரே. படத்தைக் கெடுத்த பாவி என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். பக்கம் போச்சு என்று வீடு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் செயலாளர் அம்மாவே கடைக்கு வந்தார்.

"நாலு தடவை பார்த்த படம்ண்ணே. அந்தத் துப்பறிவாளர் எப்படிக் கண்டுபிடிச்சார்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல. நீங்க சொன்னப்பதான் புரிஞ்சுது. அதையே எழுதுங்க, பக்கம் உங்களுக்குத்தான். ஆனா படம் ஓடும்போது வாயத் திறக்கக் கூடாது."

"சத்தியமா மாட்டேம்மா!" அவர் கண் கலங்கியது. கலங்கிய கண் அம்மாவின் சட்டைக் கையில் போய் நின்றது. பக்கத்தில் நின்ற மனைவி அவர் காலை மிதித்தாள். பயனில்லை.

"இப்ப படம் ஓடலையே, அதனால கேக்குறேன். இது என் கை மடிப்பு இல்லையே, இந்தச் சட்டையை எந்தக் கடையில தேய்ச்சீங்க?"

அந்த ரயில் டாக்டரைப் போலவே அம்மாவும் தரையைப் பார்த்தார்.