ஆடுகிறவர்கள் உடை மாற்றும் வரை

ஊரே டிஸ்கோ பைத்தியம் பிடித்து ஆடிய காலத்தில், சேலத்து ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் நான் சோகப் பாட்டுக்காரி. ஆடுகிறவர்கள் உடை மாற்றப் போகும்போது மேடை காலியாக இருக்கக் கூடாதென்று என்னைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நான் ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் டீக்கடைக்கு எழுந்து போய்விடும். முடிந்ததும் தேடி வந்து பேசுகிற ஒன்றிரண்டு பேரும், "அப்படியே கேசட் மாதிரி பாடறீங்க" என்பார்கள். அது பாராட்டாம். கேசட்டில் இல்லாத ஒரு சங்கதியை நானாகப் போட்டுவிட்டால், மேடையை விட்டு இறங்கியதும் ஆர்க்கெஸ்ட்ரா மாஸ்டர் முறைப்பார். இத்தனை வருசமும் யாரோ பாடியதைத்தான் திருப்பிப் பாடினேன்.

இந்தப் பங்குனியில் வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். விழாக் குழுவில் யாருக்கோ பழைய ஞாபகம். மேடை முழுக்க டிஜே பெட்டிகள் இருந்ததால், தட்டி மறைவில் மைக்செட்காரர் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். இனி முறைக்க யார் இருக்கிறார்கள்? எல்லாச் சங்கதிகளையும் என் மனசு போலப் போட்டுப் பாடினேன்.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் மைக்செட்காரரிடம் கத்தினார்.

"ஏனுங்க, அந்த ரெக்கார்டை நிறுத்திப்போட்டு ஆடற பாட்டாப் போடுங்க."

மைக்செட்காரர் என் முகத்தைப் பார்க்காமல் என் மைக்கின் சத்தத்தைக் குறைத்தார். டிஜே பாட்டு அதிர்ந்தது. சரணத்தைப் பாடி முடித்த பிறகுதான் நான் மைக்கைக் கீழே வைத்தேன். பாடியது எனக்கே கேட்கவில்லை.