கஞ்சிச் சட்டிகளின் கண்காட்சி

என் மதினி ஜவாஹிறாவுக்கு ஒரு பொருளைச் சும்மா வைக்கத் தெரியாது. வெள்ளவத்தைப் புடைவைக் கடையொன்றில் இருபத்தாறு வருடங்கள் ஷோகேஸ் அலங்கரித்தவர். கடைக்கு முன்னால் பஸ்ஸுக்கு ஓடுகிறவரைக்கூட ஒரு சேலை மடிப்பால் நிறுத்திவிடுவார். வீட்டில் வெங்காயக் கூடையை நான் கொஞ்சம் நகர்த்தினாலும், உடனே வந்து பழைய இடத்தில் வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலையை விட்ட பிறகு அவருடைய கவலையெல்லாம் பொலித்தீன் பைகள்மேல் திரும்பியது. நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி கொடுப்பார்கள். முன்பெல்லாம் வீட்டிலிருந்து சட்டி கொண்டுபோவோம். சில வருடங்களாகப் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள். பெருநாள் வரும்போது அந்தப் பைகளெல்லாம் கால்வாயில் மிதக்கும்.

நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன் மதினி பள்ளி முற்றத்தில் படங்கள் வரைந்து மாட்டினார். பை தின்ற ஆமை, அடைபட்ட வடிகான். ஜும்ஆ முடிந்து வந்தவர்கள் ஆமையைத் தாண்டிப்போய்ச் செருப்புத் தேடினார்கள். நான் சிரித்துவிட்டேன்.

"ஆமைட கத ஆருக்கு வேணும், றலியா? ஆக்களுக்கு அவங்கட கததான் வேணும்" என்றார் மதினி.

மறுநாளே வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வீட்டுக் கஞ்சிச் சட்டியையும் இரவல் வாங்கினார். நாற்பத்து மூன்று சட்டிகள். எல்லாவற்றையும் அதே பள்ளி முற்றத்தில் கம்பியால் முறுக்கித் தொங்கவிட்டு, கீழே அட்டை எழுதினார். 'ஜவாத் வீடு. உம்மாவின் சீதனம்.' 'அர்பா வீடு. மூடி பாமன்கடையில் குடியிருக்கும் மகளிடம்.' அவ்வளவுதான், கூட்டம் அள்ளியது. தங்கள் சட்டியைப் பார்க்க வந்தவர்கள் பக்கத்து வீட்டுச் சட்டியின் நெளிவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

பள்ளித் தலைவர் ஸாலிஹ் ஹாஜியாரும் வந்து பார்த்தார். "முதல் நோன்புக்குப் பை வாங்கல்ல. ஆக்கள் சட்டியோட வந்தா மாசம் முழுக்க அப்படித்தான். வரல்லெண்டா பழையபடி பைதான்" என்றார். மதினிக்குக் கால் தரையில் படவில்லை.

முதல் நோன்பு. அஸருக்குப் பிறகு நீண்ட வரிசை. ஒருவர் கையிலும் சட்டி இல்லை.

"சட்டி எங்க?" என்று மதினி முன்னால் நின்ற அர்பாவைக் கேட்டார்.

"உங்கட எக்ஸிபிஷன்லதானே தொங்குது, ராத்தா."

யானைக்கும் அடி சறுக்கும். கஞ்சிக்கென்று ஒரு வீட்டில் ஒரு சட்டிதான். மற்றவை நோன்பு திறக்கும் சமையலோடு அடுப்பில் இருந்தன. இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஹாஜியார் பைக்குச் சொல்லப் போனை எடுத்தார்.

மதினி ஸ்டூலில் ஏறிவிட்டார். குறடு தேட நேரமில்லை. தான் முறுக்கிய கம்பியைத் தானே விரலால் பிரித்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். "ஜவாத் வீடு", "அர்பா வீடு" என்று கூப்பிட்டுக் கொடுக்கக் கொடுக்க, ஆட்கள் குழாயடியில் கழுவிக்கொண்டு வரிசைக்கு ஓடினார்கள். அரை மணித்தியாலத்தில் கண்காட்சியில் அட்டைகள்தான் மிஞ்சின. ஹாஜியார் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

கடைசியில் நிம்றா என்றொரு பிள்ளை நின்றது. தொடர்மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். அவள் சட்டி கண்காட்சியில் இல்லை. கீழே இறக்கியிருந்த எங்கள் சட்டியை மதினி அவளிடம் நீட்டினார். "நோன்பு திறந்திட்டுப் பேந்து தாங்க" என்றார்.

நோன்பு திறக்கும் மஃரிபுக்கு எங்கள் மேசையில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் பெட்டிஸும்தான்.

"கஞ்சி எங்க?" என்றார் என் நானா, மதினியின் கணவர்.

மதினி தண்ணீர்க் கோப்பைகளை எங்கள் பக்கம் தள்ளினார். நான்தான் நடந்ததைச் சொன்னேன். அவரை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை. பாங்கு கேட்டது. மதினி பேரீச்சம்பழத்தை எடுத்தார். கம்பி கிழித்த விரல்களால் அதைப் பிளக்க முடியவில்லை. நானா அதை வாங்கி, கொட்டையை எடுத்துவிட்டு அவர் கையில் வைத்தார்.

"நாளைக்கு நான் கியூல நிக்கிறன்" என்றார்.