மஞ்சள் சொட்டு மருந்து

அறுபதுகளில் கொல்லிமலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டரம்மாவும் நானும்தான்.

சாமை அடிக்கும்போது உமி தெறித்துக் கண்ணில் பட்டதென்று மலையிலேயே திருப்புலி நாடு என்கிற பகுதியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அதற்குள் பத்து நாள் ஆகியிருந்தது. கருவிழியின் மேல் வெள்ளையாகப் படர்ந்து, ஓரம் பஞ்சு பிரிந்தாற்போல் இருந்தது. டாக்டரம்மா லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"பூசணங்க. நம்மகிட்ட இருக்கிற சொட்டு எதுக்கும் இது கேக்காது."

இதற்கென்று கண் சொட்டு எங்கள் பக்கம் எந்தக் கடையிலும் கிடையாது. நரம்பில் ஏற்றுகிற பூசண மருந்து சேலத்தில் டாக்டரம்மாவுக்குத் தெரிந்த டாக்டரிடம் இருந்தது; அதையே கரைத்துக் கண்ணில் விடலாம் என்றார். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு நடந்தே இறங்கி, பஸ் பிடித்துப் போய் இரண்டு குப்பி வாங்கி வந்தேன். உள்ளே மஞ்சள் பொடி.

முதல் குப்பியை நானே கெடுத்தேன். ஊசி மருந்து கலக்கிப் பழகிய கை உப்புத்தண்ணீரை ஊற்றிவிட்டது. பொடி கரையாமல் திரிதிரியாக மிதந்தது. போய்ச் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை, மருந்தோடு வந்த சீட்டைப் பிரித்துப் படித்தார்.

"உப்பே ஆகாதாம். காய்ச்சி வடிச்ச தண்ணிதான். இன்னொண்ணு இருக்குதில்லீங்க, கலக்குங்க."

சீசாவை வேகவைத்து, மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கலக்கினேன். இளமஞ்சளாகத் தெளிந்து நின்றது. டாக்டரம்மா சொன்ன அளவுக்கு இளக்கி, வெளிச்சம் படாமல் கறுப்புக் காகிதம் சுற்றி, ஈரமணல் சட்டியில் புதைத்தேன். ஐஸ்பெட்டி இல்லாத குறையை மலைக்குளிர் தீர்த்தது.

மணிக்கொரு தரம் சொட்டு விட்டேன். அவள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொள்வாள்.

"எரியுதுங்க சாமி!"

"பொறுத்துக்குங்கக்கா, இன்னும் ஒரே சொட்டு."

ஐந்தாம் நாள் வெள்ளை அதற்கு மேல் படரவில்லை. டாக்டரம்மா எழுதிப்போட்டு வரவழைத்த குப்பிகளையும் கலக்கி விட்டேன். வாரங்கள் போகப் போக வெள்ளை சுருங்கி, ஓரத்தில் மிளகளவு தழும்பாக நின்றது.

ஒரு காலை டாக்டரம்மா அவளுடைய நல்ல கண்ணைப் பொத்தி, "என்னம்மா தெரியுது?" என்று கேட்டார்.

அவள் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"கம்பவுண்டரு சட்டையில மூணாவது பொத்தானக் காணோமுங்க!"

குனிந்து பார்த்தேன். ஆமாம், இல்லை. டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்று முழுக்க அந்தச் சட்டையோடுதான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மலைமேல் இருக்கும் சோளக்காடு ஊர்க் கடைவீதியில் திரிந்தேன்.